கால் மரத்தால் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காய்ச்சல் விட்ட சில நாளில் கால் மரத்து நடை தளர்ந்தால், 'வாதம்' என்று எண்ணெய் போட்டு நீவிவிடும் வழக்கம் உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் இன்னும் இருக்கிறது. பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கக் கை காலைத்தான் இழுக்கும். இரண்டு காலும் சேர்ந்து பலமிழந்து, வயிற்றிலோ மார்பிலோ கச்சை இறுக்கியது போலிருந்து, அதற்குக் கீழே சூடு குளிர்ச்சி தெரியாமல், சிறுநீரும் கட்டிக்கொண்டால் முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடத்தைச் சந்தேகிக்க வேண்டும். அன்றே 108-ஐ அழையுங்கள்.

ஸ்கேனில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கால்தானே என்று இடுப்புப் பகுதியை மட்டும் எடுக்கிறார்கள். தண்டுவடமோ முதல் இடுப்பு முள்ளெலும்பு அருகிலேயே முடிந்துவிடும். கோளாறு கழுத்திலோ முதுகிலோ இருக்கும். முழு முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. தேவை. எலும்புக் காசநோயோ கட்டியோ தண்டுவடத்தை அழுத்தினால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அப்படி அழுத்தம் இல்லை என்று உறுதியான பிறகே தண்டுவட அழற்சி, அதாவது தண்டுவட வீக்கம், என்ற பேச்சு.

அழற்சி என்பதோடு நிறுத்தவும் கூடாது. எதனால் என்று தேட வேண்டும். டெங்கு, சிக்குன்குனியா, சின்னம்மை, அக்கி ஆகியவற்றுக்குப் பின் உடலின் எதிர்ப்பாற்றலே தண்டுவடத்தைத் தாக்கலாம். காசநோய், மேகநோய் (சிபிலிஸ்), எச்.ஐ.வி., எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் ஆகியவையும் காரணமாகும். நாங்கள் மிகவும் அஞ்சுவது, எதிர்ப்பாற்றல் கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற நோய். இதில் வீக்கம் பெரும்பாலும் 3 முள்ளெலும்பு நீளத்துக்கு மேல் பரவும். திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பார்வையையோ நடையையோ கொண்டுபோகும். அக்வாபோரின்-4 எதிர்ப்பொருளுக்கான ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் இதைக் காட்டும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சைக்கு முன்பே இந்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவிட வேண்டும். இதே போன்ற வேறொரு நரம்பு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தவறாக எண்ணி, அதற்கான இன்டர்பெரான் ஊசி போட்டால் நோய் முற்றும்.

தொற்று இல்லையென்று தெரிந்தால் மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தினமும் 1 கிராம், 3 முதல் 5 நாள் ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். அதில் தேறாவிட்டால் பிளாஸ்மா மாற்றம். படுக்கையில் கிடப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வந்துவிடும்.

முன்பு எப்போதாவது ஒரு கண் வலித்துப் பார்வை மங்கியதா, நாள்கணக்கில் விக்கலும் வாந்தியும் நிற்காமல் இருந்தனவா? 'கேஸ்' என்று விட்டதாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தக் கண் வலியோ விக்கலோ நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவின் முதல் அடியாக இருந்திருக்கலாம்.

நரம்பியல் மருத்துவர்கள் சிலர்,
மதுரை