கேஸ் மேல போகுமா கீழ போகுமா? நம்ம பிளாட் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டி அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். செந்தூல்ல இந்த பிளாட்டுக்கு குடி வந்து 11 வருசம் ஆச்சு, அதுக்கு முன்னாடி கேஸ் பைப் போடுற கான்ட்ரெக்டர்கிட்ட வேலை செஞ்சவன் நானு, அதனால போன வாரம் நீங்க வீட்டுக்கு வீடு மாட்டிட்டு போன கேஸ் அலாரத்த பார்த்துட்டு சும்மா இருக்க முடியல. நல்ல மனசோடதான் செஞ்சீங்க. ஆனா எல்லாத்தையும் தரையில இருந்து ஒரு அடி உயரத்துல மாட்டிட்டாங்க, அங்க இருந்தா நம்ம வீட்டு கேஸ் கசிஞ்சு ரூம்ல பாதி நெறஞ்சாலும் அது வாயத் தொறக்காது.

தோங்ல, அதான் சிலிண்டர்ல, வர்றது எல்பிஜி, அதாவது புரோப்பேனும் பியூட்டேனும். காத்த விட ஒன்றரை மடங்கு, ரெண்டு மடங்கு கனம், கசிஞ்சா தண்ணி மாதிரி கீழ எறங்கி கபினெட்டுக்கு அடியில, டிரெயின் ஓட்டையிலன்னு போய் தேங்கிக்கும், அதுக்கு அலாரம் கீழ இருக்கறதுதான் சரி. நம்ம பைப்புல வர்றது நேச்சுரல் கேஸ், பெரும்பங்கு மீத்தேன், காத்தோட எடையில ஏறக்குறைய பாதிதான், நேரா சீலிங்குக்குப் போயிடும். காத்துல அது 5ல இருந்து 15 சதவீதம் கலந்திருந்தா வெடிக்க ஒரு சுவிட்ச் போடுற பொறி போதும்.

அதுக்காக பைப்புல வந்தாலே நேச்சுரல் கேஸ்னு முடிவு பண்ணிடாதீங்க. எத்தனையோ கொண்டோவுல கீழ கம்பிக் கூண்டுக்குள்ள பெரிய தோங்கா வரிசையா வச்சு அதே எல்பிஜியத்தான் பைப்புல மாடிக்கு ஏத்துறாங்க. அலாரம் வித்தவரு அந்த மாதிரி எடத்துல மாட்டிப் பழகுனவரா இருக்கலாம், இங்க என்ன கேஸ்னு யாரும் அவருகிட்ட சொல்லவும் இல்ல, அவரு கேக்கவும் இல்ல.

எல்பிஜி, நேச்சுரல் கேஸ் ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதாங்க. திரெங்கானு கடல்ல எடுக்குற கேஸ் அந்தக் கரையில கெர்த்தேவுல இருக்குற ஆலைக்கு வரும், அங்க புரோப்பேன், பியூட்டேன் எல்லாம் தனியா பிரிச்சிட்டு மிச்ச மீத்தேன 2,500 கிலோமீட்டருக்கு மேல நீளமான பைப் வலையில தீபகற்ப மலேசியா பூரா அனுப்புறாங்க. இங்க நம்ம கரண்டுலயும் பாதிக்குப் பாதி இல்லாட்டியும் பெரிய பங்கு அதுல இருந்துதான்.

2025 ஏப்ரல் 1ஆம் தேதி சிலாங்கூர் புத்ரா ஹைட்ஸ்ல கேஸ் பைப் வெடிச்சு எரிஞ்சதுல இருந்து நம்ம மீட்டிங்ல "பைப்ப வெட்டிட்டு தோங்குக்கே போயிடலாம்"னு ஒரு குரல் வந்துக்கிட்டே இருக்கு. பயம் நியாயம்தான், அந்த நெருப்ப டிவில பார்த்த எனக்கே கை நடுங்குச்சு. ஆனா அது ஊர் விட்டு ஊர் போற பெரிய லைன், அழுத்தம் பயங்கரமா இருக்கும். அடுப்புக்கு வர்ற பைப்புல இருக்குற அழுத்தம் சைக்கிள் டயர்ல இருக்கறதுல நூத்துல ஒரு பங்கு கூட இல்ல. தோங்குக்குள்ள இருக்கறது அத விட எத்தனையோ மடங்கு, அதயும் சாமி ரூமுக்குப் பக்கத்துலதான் வைப்போம். 14 கிலோ தோங் 26 வெள்ளி (ரிங்கிட்) 60 காசுன்னு மலிவா கெடைக்குதுன்னு மாறுறவங்க மாறிக்கலாம், ஆனா பழைய அடுப்ப அப்படியே மாட்டிடாதீங்க மா. நேச்சுரல் கேஸ் அடுப்புல கேஸ் வெளிய வர்ற நாசில் ஓட்டை பெருசு, அதுல எல்பிஜி விட்டா தீ மஞ்சளா எம்பி சட்டி அடி கரி புடிக்கும், கார்பன் மோனாக்சைடும் வரும்.

இன்னொன்னு, அலாரத்த நம்பி மூக்க மறந்துடாதீங்க. இந்த கேஸுக்கு சொந்தமா வாசனையே கெடையாது, அந்த அழுகுன முட்டை நாத்தம் நமக்குத் தெரியணும்னே கலக்கறது. நாத்தம் வந்தா ஃபேன் சுவிட்ச தொடாம வால்வ மூடி, ஜன்னலத் தொறந்துட்டு வெளிய போயி 999க்கு அடிங்க.

நான் கேக்கறது ரெண்டே விசயம். வாங்குன அலாரம் மீத்தேனுக்குச் செஞ்சதான்னு பெட்டிய ஒரு தடவ பாருங்க, எல்பிஜிக்குன்னு போட்டிருந்தா கடைக்காரர்கிட்ட மாத்திக்கங்க. சரியான சாமானா இருந்தா சீலிங்ல இருந்து ஒரு அடிக்குள்ள ஏத்தி மாட்டணும். சனிக்கெழம காலையில நான் ஃப்ரீதான், டிரில் என்கிட்ட இருக்கு, செக்யூரிட்டி கார்டு ரூம்ல பூட்டி வச்சிருக்குற ஏணிய மட்டும் குடுங்க.