பசி ஹார்மோன் பத்தி வந்த வரி தப்புங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, குண்டா இருக்கறவங்களுக்கு பசி ஹார்மோன் அதிகமா சுரக்கும், அதான் கண்ட நேரத்துல சாப்பிடறாங்கன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. எங்க நாத்தனார் அந்த பக்கத்த மடிச்சு என் பொண்ணு முன்னாடி வச்சு சத்தமா படிச்சாங்க, அவளுக்கு 15 வயசு, கொஞ்சம் பூசுனாப்புல இருப்பா, ரெண்டாவது தோசைய பாதியில வச்சுட்டு எந்திரிச்சு கை கழுவப் போயிட்டா.

அந்த வரி நெஜத்துக்கு அப்படியே தலைகீழுங்க. கிரெலின்ங்கற அந்த ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில சுரக்கறது, 1999ல ஜப்பான்ல கோஜிமா, கங்காவான்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சாங்க, 2001லயே ரத்தத்துல அளந்து பாத்தப்ப குண்டா இருக்கறவங்களுக்கு கம்மியாத்தான் இருந்துச்சு. இடுப்புச் சுற்றளவ வச்சு பாத்தாலும் இப்படித்தான்னு நெறைய ஆய்வுல வந்திருக்கு. பிராடர் வில்லின்னு பிறவியிலயே வர்ற ஒரு கோளாறுல மட்டும் குண்டா இருந்தும் கூடுதலா இருக்கும், அது ரொம்ப அபூர்வம்.

கிரெலின் ஏறுறது எப்பன்னா டயட் இருந்து எளைக்கும்போது. 2002ல அமெரிக்காவுல ஆறு மாசம் டயட் இருந்து எடையில 17 சதவீதம் குறைச்சவங்களுக்கு கிரெலின் 24 சதவீதம் ஏறியிருந்துச்சு, 2011ல ஆஸ்திரேலியாவுல பாத்தப்ப ஒரு வருஷம் கழிச்சும் அது பழைய அளவுக்கு எறங்கல. நானே ரெண்டு வருஷம் முன்னாடி 9 கிலோ குறைச்சேன், அப்புறம் ராத்திரி 11 மணிக்கு அடுப்படியில லைட்டு கூட போடாம ஆறிப்போன சப்பாத்திய நின்னுக்கிட்டே பிச்சு பிச்சு தின்னேன், அது அடங்கற பசியே இல்ல, ஆனா வீட்ல எல்லாரும் வாயக் கட்டத் தெரியலன்னுதான் சொன்னாங்க, நானும் அதத்தான் நம்புனேன்.

குண்டா இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்லலைங்க. நம்ம ஊர்ல பெரியவங்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்கற கணக்கு, 23 தாண்டுனாலே கவனிக்கணும், இடுப்பு ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைங்களுக்கு 80க்குள்ள இருக்கணும், தையல் டேப் இருந்தா வீட்லயே அளந்து பாத்துக்கலாம். இத போடுங்க, நெறைய பேருக்கு உபயோகப்படும்.

தயவுசெஞ்சு வர்ற ஞாயிறு அதே பக்கத்துல, அதே சைஸ் எழுத்துல திருத்தம் போடுங்க. அதையும் மடிச்சு நாத்தனார் கையில குடுத்து, என் பொண்ணு முன்னாடி சத்தமா படிக்கச் சொல்லணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈரோடு