லென்ஸுக்கு முன்னால் நிற்கும் ஃபில்டர்: தமிழ்நாட்டுத் திரையரங்க உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திரையரங்க உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

பகலில் 3டி அனிமேஷன், இரவில் 2டி குடும்பப் படம், இரண்டும் ஒரே திரையில். இந்த ஏற்பாட்டில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பகல் காட்சி முடிந்த பிறகும் லென்ஸுக்கு முன்னால் இருக்கும் போலரைசர் ஃபில்டரை, அதாவது 3டி கண்ணாடி வழியாக இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் போகச் செய்யும் தகட்டை, யாரும் நகர்த்துவதில்லை. இரவுப் படமும் அதற்குள் புகுந்துதான் திரைக்கு வருகிறது.

தன்மேல் விழும் ஒளியில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுவது போலரைசரின் இயல்பு. 2டி படத்துக்குத் திரையின் நடுவில் 14 ஃபுட் லாம்பெர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமாவின் தர அளவு. படத்தின் நிறத்தைச் சீர்செய்யும் டிஐ அறையில் ஒளிப்பதிவாளர் உட்கார்ந்து நிறம் பார்ப்பதும் அந்த அளவை வைத்துத்தான். ஃபில்டர் விலக்கப்படாமல் அங்கேயே இருந்தால் அது 7-க்கும் கீழே போய்விடும். விளக்கும் பழையதென்றால் கேட்கவே வேண்டாம்.

பகல் வெளிச்சத்தில் எடுத்த சண்டைக் காட்சி இதைத் தாங்கிக்கொள்ளும். நாடகப் படம் தாங்காது. ‘மெய்யழகன்’ (2024) கதையின் பெரும்பகுதி ஒரே இரவில் நடக்கிறது. இருவர் உட்கார்ந்து பேசுகிறார்கள், ஒருவர் பேசும்போது மற்றவர் முகம் மாறுகிறது. படமே அந்த மாற்றம்தான். வெளியான சில நாட்களில் நீளம் என்று சொல்லி சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள். முகமே தெரியாத இருட்டில் எந்தக் காட்சியும் நீளமாகத்தான் தோன்றும். அந்தப் பழியைப் படம் எடுத்தவர்கள் சுமக்கிறார்கள்.

சரிசெய்ய ஒரு காட்சிக்கு இரண்டு நிமிடம் போதும். 2டி தொடங்கும் முன் ஃபில்டரை ஒளிப்பாதையிலிருந்து விலக்க வேண்டும். படத்தை ஓட்டும் சர்வரில் 2டிக்கென்று தனியாக வைத்திருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ப்ரொஜெக்டர் அறையின் போர்ட் கிளாஸை (ஒளி அரங்குக்குள் வரும் கண்ணாடி ஜன்னல்) இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும், உள்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு வெளிப்பக்கத் தூசியை மறந்துவிடுகிறார்கள். மாதம் ஒருமுறை வெள்ளை டெஸ்ட் பேட்டர்ன் போட்டு, பார்வையாளர் இருக்கையிலிருந்து லைட் மீட்டரில் நடுவையும் ஓரங்களையும் அளந்து குறித்து வையுங்கள். ஓரங்கள் நடுவின் முக்கால் பங்குக்குக் குறையக் கூடாது. 3டிக்காகப் போட்ட சில்வர் ஸ்கிரீனில் நடு பளிச்சென்றும் ஓரம் மங்கியும் இருக்கும், அங்கே இந்த அளவீடு இன்னும் அவசியம். செனான் விளக்கின் கரன்ட்டைக் குறைத்து ஓட்டினால் ஆயுள் கூடும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் விளக்குக்குள் ஒளி தரும் ஆர்க் நடுங்கும், திரை மினுங்கும்.

ஒலியிலும் இதே கதைதான். விளம்பரமும் டிரெய்லரும் காதைப் பிளக்கின்றன, யாரோ புகார் செய்கிறார்கள், ஆபரேட்டர் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை உரிய அளவான 7-லிருந்து 4-க்கு இறக்குகிறார். பிறகு படமும் 4-லேயே ஓடுகிறது. 7-லிருந்து 4 என்றால் 10 டெசிபல் குறைவு. ஒலியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ‘கொட்டுக்காளி’ (2024) படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ இரைச்சலும் காற்றும் மனிதர்களின் மௌனமும்தான் அதன் இசை. அப்படியொரு படத்தை 4-ல் ஓட்டினால் அரங்கில் கேட்பது ஏசி சத்தம் மட்டுமே. சர்வர் பிளேலிஸ்ட்டில் விளம்பரத்துக்கு ஓர் அளவு, படத்துக்கு ஓர் அளவு என்று ஒலி கட்டளையைப் பதிந்துவிட்டால் ஆபரேட்டர் கை வைக்கவே தேவையில்லை.

வசனம் மட்டும் மூக்கடைத்தாற்போல் கேட்டால், திரைக்குப் பின்னால் நடு ஸ்பீக்கரில் உயர் ஒலிகளைத் தரும் ஹார்ன் டிரைவர் போயிருக்கலாம். பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலைப் போட்டு ஒவ்வொரு சேனலாகக் கேட்டால் தெரிந்துவிடும்.

ஓடிடிக்கு எட்டு வாரம் கழித்துத்தான் படம் போக வேண்டும் என்று கேட்கிறீர்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது. ஆனால் நாடகப் படத்துக்கு ஆள் வருவதில்லை என்று நீங்கள் சொல்லும்போது கோபம் வருகிறது. டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் என்று ஒரு குடும்பம் இவ்வளவு செலவழித்து வருகிறது. வீட்டு டிவியில் தெளிவாகத் தெரிந்திருக்கக்கூடிய முகத்தை உங்கள் பெரிய திரையில் அது தேட வேண்டியிருக்கிறது. அனிமேஷன் ஓவியர்கள் மாதக்கணக்கில் தேடிக் கண்ட நிறங்கள் சாம்பலாகித் திரையில் விழுகின்றன. கடைசியில் அவர்கள் பெயர் ஓடத் தொடங்கும்போதே விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிடுகிறீர்கள். எட்டு வாரம் கிடைத்தாலும் இந்த இருட்டுக்கு மறுபடி யார் வருவார்கள்?

சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டேன், பொறுத்தருளுங்கள். புதிய ப்ரொஜெக்டர் வாங்கச் சொல்லவில்லை. இருப்பதை உரிய அளவில் ஓட்டச் சொல்கிறேன். 2டி காட்சிக்கு முன் அந்த ஃபில்டரை விலக்குங்கள். படம் தொடங்கும்போது ஃபேடரை 7-க்குக் கொண்டு வாருங்கள். இவ்விரண்டையும் செய்தாயிற்றா என்று ஒவ்வொரு காட்சிக்கும் கையெழுத்திட ப்ரொஜெக்டர் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டி வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கும் ஒரு ரசிகர்