பொதுச் சொற்பொழிவுக் குழுவின் ஆண்டறிக்கை: 2024–25

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களுக்கும், கல்லூரி முதல்வர் அவர்களுக்கும், பேராசிரியப் பெருமக்களுக்கும், முன்னாள் மாணவர் சங்க உறுப்பினர்களுக்கும், ஆண்டு முழுவதும் நம் அரங்கிற்கு வந்து பங்கேற்ற ஊர் மக்களுக்கும் வணக்கம். நடப்பு அரசியலையும் உலக விவகாரங்களையும் பற்றி இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள நம் கல்லூரியில் நடைபெற்றுவரும் பொதுச் சொற்பொழிவுத் தொடரின் ஆண்டறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

சென்ற பொதுக்குழுவில் எடுக்கப்பட்ட ஒரு முடிவை முதலில் குறிப்பிட வேண்டும். எந்த ஒப்பந்தத்தைப் பற்றியோ சட்டத் திருத்தத்தைப் பற்றியோ பேசவிருக்கிறோமோ, அதன் முக்கியப் பிரிவுகளைத் தமிழாக்கம் செய்து, சொற்பொழிவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் வழங்குவது என்பதே அம்முடிவு. இத்தொடர் இவ்வாண்டு அடைந்த நற்பயன்கள் அனைத்திற்கும் அதுவே காரணம் என்பது என் உறுதியான கருத்து. பேச்சாளர் என்ன சொன்னார் என்பதோடு நின்றுவிடாமல், ஆவணத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் நம் அரங்கில் வேரூன்றத் தொடங்கியுள்ளது.

தொடரின் முதற்பொழிவு, 2024 ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா பதவி விலகி நாட்டை விட்டு வெளியேறியதைத் தொடர்ந்து, வங்கதேசத்தைப் பற்றி அமைந்தது. விடுதலைப் போராட்ட வீரர்களின் வழித்தோன்றல்களுக்கு அரசுப் பணிகளில் வழங்கப்பட்ட 30 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கு எதிராக எழுந்த மாணவர் கிளர்ச்சி, ஓர் அரசையே வீழ்த்தும் அளவுக்கு வளர்ந்தது எவ்வாறு என்பதை விருந்துப் பேராசிரியர் விளக்கினார். நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் குறித்தும், அதையடுத்துச் செங்கடல் நெருக்கடி குறித்தும் பொழிவுகள் நடைபெற்றன. 2023 நவம்பர் முதல் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் நடத்திய தாக்குதல்களால் சரக்குக் கப்பல்கள் சூயஸ் வழியைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்ததை, வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பெற்ற நம் பகுதி மக்கள் மிகுந்த கவனத்துடன் கேட்டனர்.

இலங்கையைப் பற்றிய பொழிவுக்கு அரங்கு நிரம்பியது. 2024 செப்டம்பர் 21 அன்று நடைபெற்ற அதிபர் தேர்தலில் எந்த வேட்பாளரும் பாதிக்கு மேல் வாக்குப் பெறாததால், அந்நாட்டு வரலாற்றிலேயே முதன்முறையாக இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டு அநுர குமார திசாநாயக்க வெற்றி பெற்றார். நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225 இடங்களில் 159ஐக் கைப்பற்றியதோடு, யாழ்ப்பாண மாவட்டத்திலும் முதலிடம் பெற்றது. இம்மாற்றத்தால் நம் மீனவர் சிக்கல் தீருமா என்ற கேள்வியே அன்று திரும்பத் திரும்ப எழுந்தது. ஆகவே அதற்கென்றே தனிப் பொழிவு ஒன்றைக் குழு ஏற்பாடு செய்தது.

கச்சத்தீவும் பாக் நீரிணையும் என்ற தலைப்பிலான அப்பொழிவே இவ்வாண்டின் பயன்மிக்க நிகழ்ச்சி. 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் 5ஆம், 6ஆம் பிரிவுகளும், 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களும் தமிழில் முன்கூட்டியே வழங்கப்பட்டிருந்தன. இந்திய மீனவர்களும் பக்தர்களும் பயண ஆவணமோ விசாவோ இன்றிக் கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம் என்கிறது 5ஆம் பிரிவு. மரபாக இருந்துவந்த உரிமைகள் இரு நாட்டுக் கலங்களுக்கும் தொடரும் என்கிறது 6ஆம் பிரிவு. ஆனால் ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடற்பரப்பில் மீன்பிடிக்கக் கூடாது என்று 1976ஆம் ஆண்டுக் கடிதங்கள் கூறுகின்றன. பல ஆண்டுகளாக மேடைகளில் கேட்டுவந்த வாதங்கள் எந்த வரியிலிருந்து பிறந்தவை என்பதைப் பாம்பனிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் வந்திருந்த மீனவர்கள் தாங்களே படித்துப் பார்த்து, பேச்சாளரிடம் வரிக்கு வரி விளக்கம் கேட்டனர்.

உரையாடலில், கடலடியை வலையால் வாரி மீன்பிடிக்கும் இழுவைமடிப் பிரச்சினையும் ஒளிவுமறைவின்றி வந்தது. இலங்கை 2017இல் இம்முறையைச் சட்டத்தால் தடைசெய்துள்ளது என்பதையும், வடமாகாணத் தமிழ் மீனவர்களே அதனால் வலையும் வாழ்வும் இழந்ததாக முறையிடுகிறார்கள் என்பதையும் பேச்சாளர் எடுத்துரைத்தபோது, விசைப்படகு உரிமையாளர் சிலர் மறுத்தனர். நாட்டுப்படகு மீனவர் சிலர் ஆமோதித்தனர். அதே 2017இல் தொடங்கப்பட்ட ஆழ்கடல் மீன்பிடிப்புத் திட்டத்திற்கு மாறியவர்கள் ஏன் மிகச் சிலராகவே இருக்கிறார்கள் என்பதற்குக் கடன்சுமையையும் பயிற்சிக் குறைவையும் மீனவர்கள் காரணம் காட்டினார்கள். இலங்கையில் சிறைப்பட்டவர் விடுதலையானாலும் படகு திரும்புவதில்லை என்று ஒரு தாய் கூறியதற்கு அரங்கில் எவரிடமும் மறுமொழி இல்லை. கச்சத்தீவை மீட்கக் கோரி 2025 ஏப்ரல் 2 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியபோது, நம் மாணவர்களால் அதை முழுப் பின்னணியோடு விவாதிக்க முடிந்தது.

இறுதிப் பொழிவு, மக்கள்தொகைக்கேற்ப இடங்களை மீண்டும் பங்கிடும் மக்களவைத் தொகுதி மறுவரையறை பற்றியது. 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் மாநிலங்களுக்கான இடங்களை 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே மாறாமல் நிறுத்திவைத்தது. 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 1971இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4.12 கோடி, இன்றைய எல்லைக்குட்பட்ட பீகாரில் 4.21 கோடி, இன்றுவரை இடங்கள் முறையே 39, 40. 2011இல் அவ்வெண்ணிக்கைகள் 7.21 கோடியாகவும் 10.41 கோடியாகவும் ஆயின. குடும்பக் கட்டுப்பாட்டை முனைந்து நிறைவேற்றிய மாநிலம் அதனாலேயே குரல் குறைய வேண்டுமா என்ற கேள்வியும், ஒவ்வொரு வாக்கிற்கும் சமமதிப்பு வேண்டாமா என்ற கேள்வியும் சமவலிமையோடு முன்வைக்கப்பட்டன. தமிழ்நாட்டின் இடங்கள் 1967இல் 41இலிருந்து 39 ஆகக் குறைந்ததை மூத்த உறுப்பினர் ஒருவர் நினைவூட்டினார். எண்களைக் கையில் வைத்துக்கொண்டு இருதரப்பையும் மாணவர்கள் விசாரித்த விதம் எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது.

குறையொன்றையும் பதிவுசெய்ய வேண்டும். பொழிவுகள் மாலை ஆறு மணிக்குத் தொடங்கியதால், கடற்கரைக் கிராமங்களிலிருந்து வந்த பெண்களும் மாணவியரும் பேருந்துக்காகக் கேள்வி நேரத்திற்கு முன்பே எழுந்து செல்ல நேர்ந்தது. கேள்வி நேரமே இத்தொடரின் உயிர்நாடி என்பதால், வரும் ஆண்டு எல்லாப் பொழிவுகளையும் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மாற்ற வேண்டுமெனக் குழு பரிந்துரைக்கிறது.

அரங்கை வாடகையின்றி வழங்கிய கல்லூரி நிர்வாகத்திற்கும், மொழிபெயர்ப்பில் இரவுபகலாக உழைத்த தமிழ்த்துறை, அரசியல் அறிவியல் துறை மாணவர்களுக்கும் குழுவின் நன்றி.

அடுத்த ஆண்டின் முதற்பொழிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றியதாக அமையும். 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு, சாதிவாரி விவரங்களையும் சேர்த்துக் கணக்கெடுப்பு நடைபெறும் என்று மத்திய அரசு 2025 ஜூனில் அறிவித்திருக்கிறது. தொகுதி மறுவரையறைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு வெளிப்படையானது. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் தேவையான பிரிவுகளை அதற்குள் தமிழாக்கம் செய்ய வேண்டியிருப்பதால், சட்டப் பயிற்சியும் தமிழ்ப் புலமையும் உடைய உறுப்பினர்கள் இன்றே குழுவிடம் பெயர் கொடுக்குமாறும், இவ்வறிக்கைக்குப் பொதுக்குழு ஒப்புதல் அளிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
பொதுச் சொற்பொழிவுக் குழு