என் நம்பர் இருக்கும் இன்னொரு போன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் நலமறிய ஆவல். அப்பாவுக்குச் சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கொல்லை முருங்கை காய்த்துத் தள்ளுகிறது, பறிக்கத்தான் ஆளில்லை. வீட்டுக் கடனின் கடைசித் தவணையை நீ கட்டிய ரசீதை அப்பா பூஜை அறையில் வைத்திருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். அப்படிப்பட்ட பிள்ளை மூன்று வாரமாக "அப்புறம் பேசறேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைக்கிறாய்.

வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். என் வாட்ஸ்அப்பை அப்பாவும் பார்க்கிறார்.

போன வியாழக்கிழமை ஃபேஸ்புக்கைத் திறந்தேன். உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம் என்று வரிசையாக முகங்களைக் காட்டுமே, அதில் நாலாவதாக ஒரு தம்பி. கையில் ஹெல்மெட், பின்னால் மழையில் நனைந்த மலை. ஊர் புனே என்று இருந்தது. மற்ற முகங்களுக்குக் கீழே பொது நண்பர்கள் 14, 22 என்று போட்டிருந்தது. இந்தத் தம்பிக்கு ஒருவர்கூட இல்லை. நீயும் இல்லை.

மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பையனிடம், அந்தத் தம்பியின் முகத்தைக் காட்டாமல், இது எப்படி வருகிறது என்று பொதுவாகக் கேட்டேன். ஃபேஸ்புக்கில் இது 2008-லேயே வந்துவிட்டதாம், லிங்க்ட்இன்னில் அதற்கும் முன்னால். முதலில் பார்ப்பது நண்பருக்கு நண்பரை. எனக்கு 300 பேர், அவர்கள் ஒவ்வொருவருக்கும் 300 பேர் என்றால் 90,000 ஆகிவிடுகிறது. அதில் யார் பலருக்கும் பொதுவாக வருகிறாரோ அவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. மொய் நோட்டில் ஒரே பெயர் நாலு வீட்டில் இருந்தால் சொந்தம் என்று நாம் கண்டுபிடிப்பதில்லையா, அது மாதிரி. அடுத்தது படித்த இடம், வேலை பார்த்த இடம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பக்கத்து போர்டில் உட்கார்ந்திருந்தவளை முப்பது வருஷம் கழித்து அப்படித்தான் காட்டியது. அன்றைக்கு நான் அழுதது உனக்குத் தெரியும்.

மூன்றாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஒருவர் தன் போனில் இருக்கும் நம்பர்களையெல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டால், அந்த நம்பருக்கு உரியவர்களோடு அவரைச் சேர்த்துப் பார்க்கும். நாம் கொடுக்கவே வேண்டாம், எதிராளி கொடுத்தால் போதும். அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவரிடம் வந்தவர்களை ஒருவருக்கொருவர் தெரிந்தவராகக் காட்டியது என்று 2016-ல் செய்தி வந்திருக்கிறது. அவர்கள் எல்லோருடைய போனிலும் அந்த டாக்டர் நம்பர் இருந்திருக்கும், அதனால்தான் இருக்கும் என்கிறான் பையன்.

என் போனைப் பார்த்தான். நான் நம்பர்களைக் கொடுக்கவில்லை, அது அணைத்துத்தான் இருக்கிறது. அப்படியானால் அந்தத் தம்பியின் போனில்தான் என் நம்பர் இருக்க வேண்டும்.

புனேயில் யாரிடம் இருக்கும் என் நம்பர்?

போன அக்டோபரில் உனக்கு டெங்கு வந்தபோது ராத்திரி பதினொன்றேகாலுக்கு ஒரு போன் வந்தது. "ஆன்ட்டி, பயப்படாதீங்க, பிளேட்லெட் ஏறுது, இப்பத்தான் தூங்குறா." கூட வேலை பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். இருந்த பதற்றத்தில் பெயர் கேட்கவில்லை, நம்பரையும் பதிந்து வைக்கவில்லை. "தூங்குறாங்க" என்று சொல்லவில்லை, "தூங்குறா" என்றார். அது அப்போதே காதில் விழுந்தது. ரூம்மேட்தான் ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டாள் என்று நீ பிறகு சொன்னாய். நானும் சரி என்றேன்.

இவர் அவராக இல்லாமலும் இருக்கலாம். நான் எதுவும் கேட்கவில்லை.

உன் போனில் நம்பர்களை அனுப்பும் அனுமதியை அணைத்துவிடு. ஏற்கெனவே போனதை அழிக்கவும் வழி இருக்கிறது. உன் நம்பரை வைத்து யார் உன்னைத் தேடலாம் என்பதையும் மாற்றி வை. நேரத்துக்குச் சாப்பிடு. டெங்கு வந்த உடம்பு, ராத்திரி கண் விழிக்காதே. அந்த அனுமதியை மறக்காமல் அணைத்துவிடு. உன்னை எனக்குக் காட்டியது நாளைக்கு மாமாவுக்குக் காட்டும், பெரியப்பாவுக்குக் காட்டும்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை பாப்பா. இந்த வேலையை நானே செய்திருக்கிறேன்.

1986-ல் நான் எக்ஸ்சேஞ்சில், வெளியூர்க் கால்களை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் போர்டில் இருந்தேன். ஒவ்வொரு காலுக்கும் ஒரு டிக்கெட் எழுத வேண்டும். எந்த நம்பரிலிருந்து, எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம். இன்னாரோடுதான் பேச வேண்டும் என்று கேட்கும் பி.பி. கால் என்றால் லைனுக்கு வர வேண்டியவர் பெயரும் இருக்கும். மெட்ராஸில் ஒரு நம்பரிலிருந்து பெண்கள் ஹாஸ்டலுக்கு, புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, பி.பி. கால். டிக்கெட்டில் உன் சித்தி பெயர். அடுத்த புதனும் அதே நம்பர். அதற்கடுத்த புதனும். ஒரு வார்த்தை நான் ஒட்டுக்கேட்கவில்லை. டிக்கெட்டே போதுமாக இருந்தது. ஐந்தாவது வாரம் வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன். ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்ந்தவள் நான். வீட்டு மானம், தங்கை நல்லதுக்குத்தானே என்று நினைத்தேன். அவளிடம் யார் அது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். சித்தி ஏன் பி.எஸ்சி. முடிக்கவில்லை என்று நீ கேட்டபோதெல்லாம் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அது பொய். ஹாஸ்டல் வார்டன்தான் சொல்லிக்கொடுத்தார் என்று சித்தி இன்றுவரை நம்புகிறாள். வார்டனைத் திட்டும்போதெல்லாம் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். நீகூட ஒருமுறை, சித்தி பேசினால் ஏம்மா எழுந்து போறே என்று கேட்டாய். யாரிடமும் சொன்னதில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். அவளிடமும் சொல்ல வேண்டும், எப்படி என்று தெரியவில்லை.

அந்தத் தம்பியின் பெயரைத் திரையில் படித்தேன். இந்தக் கடிதத்தில் எழுதவில்லை, அப்பாவிடம் சொல்லவில்லை, மாடிப் பையனிடமும் சொல்லவில்லை. படத்துக்குக் கீழே சேர்க்கவும் நீக்கவும் பட்டன் இருக்கிறது. இரண்டையும் தொடவில்லை. நேற்றும் வந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

அக்டோபரில் போன் செய்தவருக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை. அவர் யார் என்று தெரிந்தால் என் நன்றியைச் சொல்லிவிடு. பெயரை நீயாகச் சொல்லும்போது தெரிந்துகொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இதை எடுக்காதே. அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். எழுதிப் போடு. தபால்காரர் பன்னிரண்டு மணிக்கு வருகிறார், அந்த நேரம் அப்பா லைப்ரரியில் இருப்பார்.

அன்புடன்,
அம்மா