அடுப்பு மணக்கும் வீடு

டீமென், நெதர்லாந்து
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்கா,

போனில் பேசலாம்தான். அத்தான் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அதனால்தான் கடிதம்.

மறதிநோய் வந்த அம்மா, நாலு மணியானால் இருக்கிற வீட்டிலேயே "வீட்டுக்குப் போகணும்" என்று பையைத் தூக்குகிறாள், கிரில் கேட்டைப் பூட்டிவிட்டு நீ சமையல்கட்டில் நின்று அழுகிறாய். சித்தப்பா ஹோமில் விடச் சொல்கிறார். நீ மறதிநோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் ஹோமில்தானே வேலை பார்க்கிறாய், நீயே சொல் என்று கேட்டாய். பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது பழைய மாடல். நீள வராந்தா, இரண்டு பக்கமும் அறைகள், 24 பேர். சாப்பாடு தள்ளுவண்டியில் மூடி போட்டு வரும். மூடியைத் திறக்கும்வரை எதுவும் மணக்காது. அதனால் சாப்பாட்டு நேரம் என்றே பலருக்குப் புரிவதில்லை. போன மாதம் ஒரு பாட்டி கைப்பையும் கோட்டுமாக முக்கால் மணி நேரம் கதவுக் கைப்பிடியை ஆட்டிக்கொண்டிருந்தாள். நம்ம அம்மாவேதான். எனக்கு இன்னும் ஏழு பேருக்கு மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் போய் நிற்கக்கூட முடியவில்லை.

எங்கள் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன் வேஸ்ப். அங்கேதான் ஹோகேவைக் என்ற மறதிநோய்க் கிராமம் இருக்கிறது. முன்பு அதுவும் எங்களுடையது மாதிரி ஒரு கட்டடம்தான். 1990களின் தொடக்கத்தில் அங்கே வேலை பார்த்த இவொன் வான் அமரோங்கனுக்கு, அவருடைய அப்பா திடீரென்று இறந்த செய்தி வந்தபோது, நல்லவேளை, அவர் இப்படி ஓர் இடத்துக்கு வர வேண்டியிருக்கவில்லை என்றுதான் முதலில் தோன்றியதாம். அதிலிருந்து ஆரம்பித்து, 2009-இல் ஒரு கிராமமாகவே கட்டி முடித்தார்கள். வீட்டுக்கு ஆறேழு பேர். அவரவர் வாழ்ந்த விதத்துக்கு ஏற்ப வீடு. முதலில் ஏழு வகை. அதில் ஒன்று இந்தோனேசியாவில் வாழ்ந்து வந்தவர்களுக்கு. அப்புறம் வகைகளைக் குறைத்துவிட்டார்கள்.

பத்திரிகைகள் அங்கிருக்கும் தியேட்டர், மதுக்கடை, சூப்பர் மார்க்கெட் பற்றித்தான் எழுதும். எனக்கு அடுப்புதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு வீட்டிலும் சமையல், அந்தந்த வீட்டிலேயே துணி துவைப்பு. ஊழியருக்குச் சீருடை கிடையாது. நான் போனபோது ஒரு பாட்டி உருளைக்கிழங்கு சீவி, தோலைப் பாத்திரத்திலும் கிழங்கைக் குப்பைக்கூடையிலும் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் கிழங்கை எடுத்துக் கழுவிப் பாத்திரத்தில் போட்டாள். வெங்காயம் வதங்கும் வாசனைக்கு, கூப்பிடாமலே ஒரு தாத்தா மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்.

அது பொய்க் கிராமம், நோயாளியை ஏமாற்றுவது என்று திட்டுகிறவர்களும் உண்டு. கடையில் இருக்கும் வெங்காயம் நிஜ வெங்காயம்தானே. ஆனால் அங்கேயும் வீடுகளே மதிலாக நிற்கின்றன, வெளியே போக ஒரே வாசல். பூட்டு இல்லாமல் இல்லை; உன் கிரில் கேட்டைவிடக் கொஞ்சம் பெரிய கேட், அவ்வளவுதான். இந்த விஷயத்தில் 2020-இல் இங்கே ஒரு சட்டம் வந்தது. மறதிநோய் என்பதற்காக எல்லோரையும் சேர்த்து அடைத்து வைக்க முடியாது, ஆளுக்கு ஆள் காரணம் காட்ட வேண்டும்.

இங்கே மூன்றாவது வகை இடம், பண்ணை. கோழி, ஆடு, காய்கறிப் பாத்தி என்று நிஜப் பண்ணையிலேயே பராமரிப்பு. பெரும்பாலும் பகலுக்கு மட்டும். சிலவற்றில் தங்கவும் இடம் உண்டு. மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தார் ஒப்பிட்டுப் பார்த்ததில், சிறிய வீடு என்பதாலேயே வாழ்க்கைத் தரம் பெரிதாக உயர்ந்துவிடவில்லை. பண்ணையில் இருப்பவர்கள்தான் அதிகமாக நடமாடுகிறார்கள், வெளியே போகிறார்கள். அடுப்பு, அடுப்பு என்று அலைந்த எனக்குத் தலையில் ஒரு குட்டு.

இதற்கெல்லாம் பணம் ஏது என்று அத்தான் கேட்பார். வருமானத்தில் ஒரு வரம்புவரை 9.65 சதவீதம் நீண்டகாலப் பராமரிப்புக்கென்று எல்லோரிடமும் பிடிக்கிறார்கள், என்னிடமும். அதற்கு மேல் நோயாளி தன் வருமானம், சொத்துக்கு ஏற்பக் கட்ட வேண்டும்.

நம்ம ஊரில் ஹோம் பார்ப்பதானால் சொல்லாமல் போ, சமைக்கிற நேரத்தில் போ. ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேள். கட்டியிருப்பது அவரவர் புடவைதானா என்று பார். தூரத்தில் உட்கார்ந்து யோசனை சொல்வது சுலபம், தெரியும்.

அதுவரை அம்மாவுக்கு முருங்கைக்கீரை ஆயக் கொடு. காம்போடு போட்டால் அவள் எழுந்துபோன பிறகு எடுத்துக்கொள். நாலு மணிக்குப் பையைத் தூக்கினால் முடிந்த அன்றைக்குக் கூடவே கிளம்பு. தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை நடந்தால் போதும், திரும்பும்போது எதற்குக் கிளம்பினோம் என்பது அவளுக்கு மறந்திருக்கும்.

டிசம்பர் 18-க்கு டிக்கெட் போட்டுவிட்டேன். மூன்று வாரம் இருப்பேன். அம்மாவோடு நான் படுத்துக்கொள்கிறேன், நீயும் அத்தானும் திருச்செந்தூரோ எங்கேயோ போய்த் தூங்கிவிட்டு வாருங்கள். ஹோம் பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம். சித்தப்பாவிடமும் சொல்லிவிடு.

உன்
தங்கச்சி