சேற்றில் ஓடும் பி.எஸ்.ஏ.

ஸ்மால் ஹீத், பர்மிங்காம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வேலை, வீடு, சாப்பாடு பற்றியெல்லாம் அம்மா உங்களிடம் சொல்லியிருப்பாள். ஒரு குறையும் இல்லை. மழைதான் விட்டபாடில்லை, குளிரும் ஏறிக்கொண்டே போகிறது. இந்தக் கடிதம் உங்களுக்கென்றே எழுதுவது, வண்டி விஷயம்.

நான் குடியிருக்கும் ஸ்மால் ஹீத்தில்தான் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருந்தது. ஆர்மரி ரோடு என்று தெருப்பெயர் இன்னும் இருக்கிறது. முதலில் துப்பாக்கி செய்த கம்பெனி, அதனால்தான் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய முத்திரை. 1940 நவம்பரில் ஜெர்மானியர் குண்டு போட்டு ஒரே இரவில் 53 தொழிலாளிகள் இறந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். பதினாறு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய ஷெட்டில் மஞ்சள் டேங்க் வைத்த பி.எஸ்.ஏ. விக்டர் ஒன்று நிற்கிறது, 441 சிசி. ரோட்டுக்கான வண்டி இல்லை, மாமா. மேடு பள்ளத்திலும் சேற்றிலும் பந்தயம் விடவே செய்த மோட்டோகிராஸ் வண்டி. ஹெட்லைட் கிடையாது. ஆயில் டேங்க் எங்கே என்று தேடினேன், காணோம். எடையைக் குறைக்க ஃபிரேம் குழாய்க்குள்ளேயே எஞ்சின் ஆயிலை ஓடவிட்டிருக்கிறார்கள்!

அவர் ஸ்டார்ட் செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கார்புரேட்டர் பொத்தானைப் பெட்ரோல் விரலில் கசியும்வரை அமுக்கினார். கிக்கரை மெதுவாக மிதித்துக் கம்ப்ரஷன் தடுக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். அதை ஒரு இம்மி தாண்டவைத்து, கிக்கரை மேலே விட்டு, முழு உடம்பையும் போட்டு ஒரே மிதி. எடுத்துவிட்டது. நம் கடையில் புல்லட்டை வைத்து நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாடம். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நீங்கள் வந்தால் அன்றைக்கே ஏறி ஓட்டலாம்.

இந்த எஞ்சினின் பூர்வீகம் 1958-ல் வந்த சி15 என்ற 250 சிசி வண்டி. வேலைக்குப் போய்வருகிறவர்கள் வாங்கிய சாதாரண வண்டி. அதையே 343, 420, 441 என்று பெருக்கிக்கொண்டே போய், பி.எஸ்.ஏ. பந்தய வீரர் ஜெஃப் ஸ்மித் 1964-லும் 1965-லும் 500 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வாங்கிவிட்டார். மற்றவர்கள் பலர் முழு 500 சிசியோடு வந்தபோது, இவர் சின்ன எஞ்சினையும் குறைந்த எடையையும் நம்பினார். அந்த வெற்றிக்குப் பிறகு கம்பெனி இன்னும் எடை குறைக்கப் பார்த்து, 1966-ல் டைட்டானியத்தில் ஃபிரேம் செய்தது. டைட்டானியத்தைக் காற்றுப் படாமல் ஆர்கான் வாயுவில் வைத்துத்தான் வெல்டு செய்ய முடியும். பந்தய மைதானத்தில் உடைந்தால் அங்கேயே ஒட்டவைக்க வழியில்லை. அந்த ஆண்டுப் பட்டம் சி.இசட். என்ற டூ ஸ்ட்ரோக் வண்டி ஓட்டிய கிழக்கு ஜெர்மானியர் பால் ஃப்ரீட்ரிக்ஸுக்குப் போனது. அடுத்த இரண்டு ஆண்டும் அவரே ஜெயித்தார். இரும்பு ஃபிரேமோடு நின்றிருக்கலாம் என்று பெரியவர் இன்றைக்கும் ஆற்றாமையோடு சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வெல்டு வைக்க முடியாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போன வாரம் என்னைப் பந்தயத்துக்கு அழைத்துப்போனார். ஊருக்கு வெளியே ஒரு பண்ணையின் மேய்ச்சல் நிலம், முந்தின நாள் மழையில் குழைந்து கிடந்தது. 1965-க்கு முந்தைய வண்டிகள், 1968-க்கு முந்தையவை என்று பிரித்து ஓட்டுகிறார்கள். கோல்டு ஸ்டார், மேட்ச்லெஸ், நிக்கல் பூசிய ஃபிரேமோடு ரிக்மன் மெட்டீஸ் எல்லாம் வரிசையாக நின்றன. ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கிறது. கொடி விழுந்ததும் முதல் வளைவுக்குப் பாய்கிறார்கள் பாருங்கள், நெஞ்சு அதிர்கிறது! புகையில் விளக்கெண்ணெய் வாசனை. ஆமணக்கிலிருந்து எடுக்கும் காஸ்ட்ரால் ஆர் ஆயிலைப் பழைய பந்தயக்காரர்கள் இன்னும் விடவில்லை. மூன்றாவது சுற்றில் ஒருவர் விழுந்து ஹேண்டில்பார் வளைந்துவிட்டது. நீளமான குழாயைச் செருகி நிமிர்த்தினார்கள். அறுந்த கிளட்ச் கேபிளுக்குப் பதில், அவரோடு போட்டி போட்டவரே தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அடுத்த ரேஸில் இருவரும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில். இந்த வண்டிகளைக் கண்ணாடிக்குள் பூட்டி வைக்காமல் ஓட்டுகிறார்களே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அங்கே எனக்கு மனசில் நின்ற வண்டி கிரீவ்ஸ். எசெக்ஸில் தண்டர்ஸ்லி என்ற சின்ன ஊரில் செய்தது. பெர்ட் கிரீவ்ஸ், நடக்க முடியாத தன் உறவினர் டெர்ரி பிரெஸ்டன்-காப்பின் சக்கர நாற்காலிக்கு மோட்டார் வைத்துக் கொடுத்தார். அதிலிருந்து இருவரும் சேர்ந்து மாற்றுத்திறனாளிகளுக்கான மூன்று சக்கர வண்டிக் கம்பெனி தொடங்கினார்கள், அப்புறம்தான் பைக். அதன் ஃபிரேமின் முன்பக்கம் குழாய் இல்லை, வார்த்தெடுத்த அலுமினியம். கையால் தடவிப் பார்த்தேன், தூண் மாதிரி கனம். முன் சக்கரத்தின் சஸ்பென்ஷன் ரப்பர் முறுக்கில் வேலை செய்கிறது. இந்த வண்டியில்தான் டேவ் பிக்கர்ஸ் 1960, 1961 இரண்டு ஆண்டும் 250 சிசி ஐரோப்பியப் பட்டம் வாங்கினார்.

புல்லட் பிறந்த ரெடிச் இங்கிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்தான். அந்தத் தொழிற்சாலை 1967-ல் மூடிவிட்டது, சென்னையில் புல்லட் இன்னும் செய்கிறார்கள் என்று பெரியவரிடம் சொன்னேன். உங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பழைய இரும்பு பேரல் புல்லட் ஏதாவது கடைக்கு வந்தால், நீங்கள் வால்வு கிரைண்ட் செய்வதைத் தம்பியை விட்டு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவரிடம் காட்ட வேண்டும். பாஸ்போர்ட்டையும் புதுப்பித்து வையுங்கள் மாமா, கோடையில் இங்கே பந்தயம் நிறைய. டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம்.

உங்கள் அன்பு மருமகன்